பறுவதத்துக்குக் கேட்டதா?

போன மாதம் என்னோடு வேலை செய்த இளைய தாதிகள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மூச்சு விடுவதற்கென்றே இயந்திரம் இருக்கிறதாம். விசையைத் தட்டிவிட்டால் அது தன் பாட்டில் வேலை செய்யுமாம். அதைச் சொல்லிவிட்டு ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்கள் அந்தக் காலத்தில பையைக் கையால அமுக்கியே ஒரு மனுசியைப் பிழைக்க வைச்சனீங்களாமே? அதை ஒருக்கால் எழுதுங்கோவன்."

எழுதுகிறேன். ஆனால் பையை அமுக்கிய வேலை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுதிய கட்டுரையைத் திருத்துவதற்கு ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. என் உத்தியோக காலத்தில் எது கடினமாக இருந்தது என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கொழும்பில் தாதிப் பயிற்சி முடித்தேன். அதற்கு முன் தட்டச்சும் கொஞ்சம் பழகியிருந்தேன். சில இடங்களுக்கு மாற்றலாகிப் போய், கடைசியில் எங்கள் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலேயே ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். நான் சொல்லப்போவது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம். தட்டச்சுத் தாளுக்கும் கார்பன் தாளுக்கும்கூடத் தட்டுப்பாடு.

எங்கள் பெரிய டொக்டரை டொக்டர் அருளையா என்று இங்கே சொல்கிறேன். குரலை உயர்த்தாத மனிதர். எங்களையெல்லாம் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். 'நீங்கள்' என்று தொடங்கினாரென்றால் நோயாளர் வாட்டில் எல்லோரும் நிமிர்ந்து நிற்போம்.

ஒரு நாள் காலை அனலைதீவிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி வழியிலேயே இறந்துபோயிருந்தாள். மற்றவளுக்கு உதடும் நாக்கும் விறைத்து, கால் துவண்டு, பேச்சுக் குழறிக்கொண்டிருந்தது. பெயர் பறுவதம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இறந்தவள் அவளுடைய மைத்துனி, கணவன் செல்லத்துரையின் தங்கை, சிவக்கொழுந்து.

நடந்தது இதுதான். பல நாளாகக் கடல் கொந்தளிப்பு. செல்லத்துரை கரையோரம் வலைபோட்டு, கிடைத்த மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மீனவர் தங்கும் வாடிப் பக்கம் போய்விட்டான். அதில் பேத்தை மீனும் இருந்தது. ஊதினால் பந்துபோல் வீங்கும் மீன். அதைத் தோலுரித்து, குடல் முதலான உள்ளுடனை எறிந்துவிட்டுத் தின்கிறவர்கள் அப்போது இருந்தார்கள். அதன் சினை நஞ்சு என்பது கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பறுவதம் புங்குடுதீவில் தோட்டம் செய்கிற குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். சினையையும் சேர்த்துக் கறி காய்ச்சிவிட்டாள். சிவக்கொழுந்துக்கும் சமையலில் நாட்டமில்லை. சட்டியை எட்டிப் பார்க்கவில்லை. இருவரும் தின்றார்கள். சிவக்கொழுந்துதான் அதிகம் தின்றாள்.

வந்து கொஞ்ச நேரத்தில் பறுவதத்துக்கு மூச்சு நின்றுபோயிற்று. கண்மணி விரிந்து, வெளிச்சம் காட்டினால் அசையவில்லை. கிள்ளினாலும் அசைவில்லை. இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு உதவிப் பெட்டியொன்றில் வந்து, ஒருவரும் தொடாமல் அலுமாரிக்குள் கிடந்த கறுப்பு இரப்பர்ப் பையை டொக்டர் எடுத்துவரச் சொன்னார். தொண்டைக்குள் குழாய் வைத்து, பையைப் பொருத்தி அமுக்கத் தொடங்கினார். அம்புலன்ஸ் ஒரு பிரசவக்காரியோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. அது திரும்பி வந்தபோது, "இந்த றோட்டில கொண்டுபோனால் குழாய் விலகிப்போடும். இஞ்சையே பாப்பம்" என்று சொல்லிவிட்டார்.

டொக்டர், நான், அற்றென்டன் கந்தையா அண்ணை, மூவரும் மாறி மாறி அமுக்கினோம். டொக்டரின் முறை வரும்போதெல்லாம் குனிந்து அவள் காதோடு, "தங்கச்சி, உமக்குப் பதிலா நாங்கள் மூச்சு விடுறம். நீர் சும்மா கிடவும்" என்று சொல்வார். பிணம்போலக் கிடந்தவளிடம் ஏன் பேசுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பின்னேரம் நான் அமுக்கிக்கொண்டிருந்தபோது செல்லத்துரை உள்ளே வந்தான். தங்கையின் உடலை வள்ளத்தில் ஏற்றிவிட்டு வந்திருந்தான். கட்டிலின் காலடியில் நின்று மனைவியைப் பார்த்தான். பிறகு என்னிடமுமில்லை, அவளிடமுமில்லை, கட்டிலைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னான்:

"காய்ச்சினவள் கிடக்கிறாள். திண்டவள் போயிட்டாள். மாறி நடந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு வெளியே போய் விறாந்தையில் குந்திவிட்டான். அறையில் வேறு ஒருவருமில்லை. நல்ல காலம் இவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. துக்கத்தில் வருகிற வார்த்தையைத் தூக்கிக்கொண்டு திரிவது எங்கள் வேலையல்ல.

மறுநாள் வெயில் ஏறும்போது அவள் விரல் அசைந்தது. பிறகு தானாக மூச்சு வந்தது. குழாயை எடுத்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "எனக்கு எல்லாம் தெரியும்." வேறொன்றும் சொல்லாமல் அழுதாள். நடக்கமுடிந்தவுடன் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

டொக்டர் இதைக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டு வைத்திய சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார். நான்தான் தட்டச்சுச் செய்தேன். உடம்பு முழுதும் விறைத்து, செத்தவர்போலக் கிடந்தாலும் நோயாளி கடைசிவரை நினைவோடு இருந்தார் என்பதுதான் கட்டுரையின் உயிர். தலைப்பிலேயே அதைப் போட்டிருந்தார்.

மாதங்கள் கழித்து, அச்சிடலாமா என்று பார்த்துச் சொல்லும், பெயர் போடாத இரண்டு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளோடு கடிதம் வந்தது. நிராகரிக்கவில்லை, திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். டொக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கத்தரிக்கோல் கேட்டார். குறிப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு வெள்ளைத்தாளின் தலையில் ஒட்டி, மேசையில் மூன்று அடுக்காக வைத்தார்.

"இது, அவையள் சொல்லுறது சரி. இது, நாங்கள் சொன்னதுதான் சரி. இது, எங்களுக்குத் தெரியாது" என்றார்.

மூன்றாவது அடுக்குத்தான் உயரமாக இருந்தது. "தெரியாததைத் தெரியாது எண்டு எழுதுறதுக்கு வெக்கப்படக்கூடாது. ஆனால் தேடிப் பாக்காமல் தெரியாது எண்டு எழுதக்கூடாது" என்றும் சொன்னார்.

முதலாம் மதிப்பீட்டாளர் மரியாதையாகக் கேட்டிருந்தார்: அது பேத்தைதான் என்பது எப்படித் தெரியும்? எந்தப் பேத்தை? மீன் குப்பைக்குள் போய் எத்தனையோ காலம். டொக்டர் கரையூர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார், பேத்தை பிடிபட்டால் கொண்டுவரும்படி. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் முள் மீனும் பாம்பு மீனும் பெயர் தெரியாத மீனுமாக வந்து குவிந்தன. வாட்டுக்குள் ஒரே வெடில் நாற்றம். கடைசியில் செல்லத்துரையின் வாடிக்காரர்கள் கொண்டுவந்த மீனை, 'அண்டைக்கு வலையில பட்டதும் இதுதான்' என்று சொன்னதைக் குறித்துக்கொண்டு, மருந்தில் போட்டுக் கொழும்புக்கு அனுப்பி விஞ்ஞானப் பெயர் எடுத்தோம். 'இதே மீன்' என்று எழுதாமல் 'இதே இனம் என்று ஊரவர் அடையாளம் காட்டினர்' என்று எழுதச் சொன்னார் டொக்டர். அந்த ஒரு வரிக்காக முழுப் பக்கத்தையும் திரும்ப அடித்தேன்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் மரியாதை பார்க்கிற ஆளில்லை. 'நோயாளி நினைவோடு இருந்தார் என்று ஆசிரியர் சொல்கிறார். எழும்பிய பிறகு எல்லாம் தெரியும் என்று எந்த நோயாளியும் சொல்லலாம். அந்த நேரத்தில் நடந்த எதையாவது அவர் சரியாகச் சொன்னாரா? இல்லையென்றால் தலைப்பை மாற்றவும்' என்று எழுதியிருந்தார்.

டொக்டர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். "மனுசன் கேக்கிறது ஞாயம்தான். நாங்கள் அவவிட்டக் கேக்கவேயில்லையே. நீர் என்னோட வாரும். பொம்பிளையள் கேட்டால்தான் சொல்லுவா."

அனலைதீவில் கிளினிக் வைக்கிற நாளில் இருவரும் போனோம். செல்லத்துரை கடலுக்குப் போயிருந்தான். பறுவதம் முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, டொக்டருக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தாள். பிறகு, நாங்கள் வாய் திறக்கும் முன்னமே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மிஸ்ஸி, உங்கட அம்மாவின்ர மறியாடு பிறகு வந்து சேந்ததோ?"

அவள் மூச்சில்லாமல் கிடந்த அன்றைக்குக் கந்தையா அண்ணை எங்கள் ஊரிலிருந்து வேலைக்கு வந்தபோது, அம்மாவின் ஆடு வேலியை முறித்துக்கொண்டு ஓடிவிட்டதென்ற செய்தியையும் கொண்டுவந்தார். பையைக் கை மாற்றும்போது, அவள் தலைக்கு மேலால் நின்று அதைப் பற்றிக் கதைத்தோம்.

"வந்தது, பிள்ளை. அடுத்த நாளே கோயில் வளவுக்குள்ள நிண்டது" என்றேன்.

"உது பொல்லாத சாதி, ஒருநாளைக்குக் கறியாத்தான் வரும் எண்டு சொன்னீங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஏலாமல் கிடந்தன்."

டொக்டர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. "வேற என்ன கேட்டது? எல்லாத்தையும் சொல்லும்."

"நீங்கள் காதுக்குள்ள சொன்னது கேட்டது, டொக்டர். 'நாங்கள் மூச்சு விடுறம்' எண்டு. அதைத்தான் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

டொக்டர் தலையைத் திருப்பி வேலிப் பக்கம் பார்த்தார். பறுவதம் என்னைப் பார்த்து, "டொக்டருக்குத் தேத்தண்ணி போடுறன். மிஸ்ஸி, நீங்கள் குசினிக்கு ஒருக்கா வாங்கோ" என்றாள்.

குசினிக்குள் அவள் அடுப்பை மூட்டவில்லை. கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவர் கட்டிலடியில வந்து நிண்டு சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே, மிஸ்ஸி?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே அந்த வார்த்தைகளைச் சொன்னாள். காய்ச்சினவள் கிடக்கிறாள், திண்டவள் போயிட்டாள், மாறி நடந்திருக்கலாம். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

"பிழை என்ரதானே. எனக்குத் தெரியாமல் காய்ச்சிப்போட்டன். தங்கச்சியிலை இவருக்கு உயிர்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கேட்டது எண்டு தெரிஞ்சால் இவர் இனி என்ர முகத்தைப் பாக்கமாட்டார். இப்பதான் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கியிருக்கிறார். ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ. டொக்டரிட்டயும் சொல்லாதேங்கோ."

"சொல்லமாட்டன்" என்றேன். அதற்குப் பிறகுதான் அடுப்பை மூட்டினாள்.

திரும்பி வருகிற வள்ளத்தில் டொக்டர் ஆட்டைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். அந்தக் கிழமையே பதில் எழுதினோம். அம்மாவின் மறியாடு ஆங்கிலத்தில் ஒரு பந்தியாகி, கட்டுரைக்குள் ஏறியது.

ஆட்டை இரண்டாம் மதிப்பீட்டாளர் விடவில்லை. அடுத்த கடிதத்தில், 'ஆட்டுக் கதை சுவையானது. ஆனால் நோயாளி சுகமாகிக்கொண்டிருந்தபோதும் வாட்டில் யாராவது அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசவில்லையென்று ஆசிரியர் உறுதி சொல்ல முடியுமா? அந்த நேரத்தில் மட்டும் பேசப்பட்ட, வேறொருவரும் பிறகு சொல்லியிருக்கமுடியாத ஏதாவது உண்டா?' என்று கேட்டிருந்தார்.

கந்தையா அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஆடு வந்திட்டுது எண்டு அடுத்த நாள் வாட்டுக்குள்ள வைச்சுத்தானே மிஸ்ஸியிட்டச் சொன்னனான்" என்றார் அந்த அப்பாவி மனிதர். அதோடு ஆடு போயிற்று.

டொக்டர் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்டைக்குக் குசினிக்குள்ள கன நேரம் நிண்டனீர். வேற ஒண்டும் சொல்லேல்லையோ அவ?"

மதிப்பீட்டாளர் கேட்டதற்கு அச்சொட்டான பதில் என்னிடம் இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் சொல்லப்பட்டது. கேட்டவள் நான் ஒருத்தி. நான் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கட்டுரை நிலைத்துவிடும். டொக்டர் அந்தக் கட்டுரையில் எவ்வளவு ஆசை வைத்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியொன்று போய் அச்சேறுவது சும்மா காரியமில்லை.

"சொன்னவ, டொக்டர். ஆனால் அதை வெளியில விட ஏலாது. வாக்குக் குடுத்திட்டன்."

"பேரில்லாமல்தானே எழுதுறம்? இங்கிலீசு சஞ்சிகையை அனலைதீவில ஆர் வாசிக்கப்போறான்?"

"அவ உங்களிட்டயும் சொல்லவேண்டாம் எண்டவ."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் போகலாம்" என்றார்.

அந்த 'நீங்கள்' பல நாள் நீடித்தது. வாட்டுச் சுற்றில், மருந்து எழுதும்போது, எல்லாவற்றிலும் 'நீங்கள்'. இடமாற்றத்துக்கு எழுதிக்கொடுப்போமா என்றுகூட யோசித்தேன்.

பிறகு ஒரு காலையில் வேலைக்குப் போனால், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் டொக்டர் இருக்கிறார். இரண்டு விரலால் அடித்துக்கொண்டிருந்தார். தலைப்பில் இருந்த 'நினைவோடு' என்ற சொல் போய், 'நினைவு இருந்திருக்கக்கூடும்' என்று மாறியிருந்தது. ஆட்டுப் பந்தியை அவர் எடுக்கவில்லை. அதன் கீழ், அது வாட்டில் பிறகும் பேசப்பட்டது என்பதை ஒளிக்காமல் எழுதியிருந்தார். மதிப்பீட்டாளருக்கான பதிலில் இப்படி இருந்தது: 'நோயாளி வேறும் ஒன்று சொன்னார். அதை வெளியிட அவர் இணங்கவில்லை. அது என்னவென்று எனக்கே தெரியாது. ஆகவே அதைச் சான்றாக வைக்கவில்லை.'

"உம்மட வாக்கை முறிச்சு எழுத ஏலாது. நான் காணாததைக் கண்டது எண்டும் எழுத ஏலாது. இவ்வளவுதான் மிச்சம்" என்றார். "எழுத்துப் பிழை பாரும்."

'பாருங்கள்' என்னாமல் 'பாரும்' என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தேன். கடைசியில் புதிதாக ஒரு வசனம் சேர்த்திருந்தார்: இப்படிப்பட்ட நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள், அவருக்கு எல்லாம் கேட்கிறது என்று எண்ணியே பேசவேண்டும்.

மூன்றாவது கடிதம் மெல்லிய உறையில் வந்தது. கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மதிப்பீட்டாளரின் குறிப்பு சில வரிகள்தான். 'ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று எழுதியிருக்கிறார். இனி எனக்கு ஆட்சேபனை இல்லை. கடைசி வசனம் கடைசியில் இருக்கக்கூடாது. தொடக்கத்தில் வரும் சுருக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வரவேண்டும். இன்னொன்று, இது விஞ்ஞானத்துக்குத் தேவையில்லை: ஆடு சுகமாக இருக்கிறதா?'

டொக்டர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். குட்டியும் போட்டுவிட்டது என்று பதில் எழுதினோம்.

அச்சான பிறகு டொக்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, நினைவில்லாதவர் பக்கத்தில் கண்டபடி பேசக்கூடாது என்று விளக்கினார். கந்தையா அண்ணை அதை வள்ளத்துறையில் நின்று எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். விறைச்சுப்போய்க் கிடக்கிற ஆளுக்கும் எல்லாம் கேட்குமாம், எங்கட டொக்டர் இங்கிலீசில எழுதிப்போட்டாராம் என்று. வள்ளத்துறையில் சொன்னது அனலைதீவுக்குப் போகாமல் இருக்குமா?

திருக்கை முள் குத்திய காலோடு செல்லத்துரை வந்தான். முள் குத்திச் சில நாளாகியிருந்தது. அனலைதீவிலேயே கட்டியிருக்கக்கூடிய காயம். நான் துணி சுற்றி முடித்த பிறகுதான் கேட்டான்.

"மிஸ்ஸி, கந்தையர் சொல்லுறது மெய்யோ?"

"என்ன சொல்லுறார்?"

"அப்பிடிக் கிடக்கிறவைக்குக் கேக்கும் எண்டு." அவன் காலில் சுற்றிய துணியைத் தடவினான். "நான் அண்டைக்குச் சொன்னது உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் கேட்டிருக்குமோ?"

கேட்டது என்று சொன்னால் அவளுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.

"எனக்குக் கேட்டது, அண்ணை. துக்கத்தில வந்த கதை எண்டு அண்டைக்கே விட்டிட்டன். அவவுக்குக் கேட்டதோ இல்லையோ எண்டதை நீங்கள் அவவோடதான் கதைக்கவேணும்."

"கேக்க வாய் வருகுதில்லை, மிஸ்ஸி."

"அப்ப கேக்காதேங்கோ. உங்கட மனசில இருக்கிறதைச் சொல்லுங்கோ."

அவன் காலை ஊன்றி எழும்பி, துறைப் பக்கம் நடந்தான். நான் செய்தது சரியா பிழையா என்று எனக்குத் தெரியவில்லை. டொக்டரின் அந்த மூன்றாவது அடுக்கில் வைக்கவேண்டிய விசயம்.

அடுத்த வருசம் பறுவதம் பிரசவத்துக்கு எங்களிடமே வந்தாள். பெண் குழந்தை. நல்ல சுகப்பிரசவம். செல்லத்துரை வெளியே நின்று கதவிடுக்கால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பிள்ளையைத் துடைத்து அவள் பக்கத்தில் கிடத்தும்போது, அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ்ஸி, இவர் சொல்லிப்போட்டார்."

"எதை?"

"அண்டைக்குக் கட்டிலடியில நிண்டு சொன்னதை. தானாவே சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதவர். உனக்குக் கேட்டதோ, கேட்டதோ எண்டு என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

அவள் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"நான் பிணம் மாதிரிக் கிடந்தனான், எனக்கு ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொன்னன். டொக்டர் எழுதினது பிழை எண்டும் சொன்னன். டொக்டர் என்னோட கோவிக்க வேண்டாம், மிஸ்ஸி. தங்கச்சி செத்ததுக்குப் பிறகு அண்டைக்குத்தான் இவர் வடிவா நித்திரை கொண்டவர்."